பதில் சொல்லவும் பணம் கட்ட வேண்டுமா?

கோடை விடுமுறைக்கு உரிமையியல் நீதிமன்றங்கள் மூடப்படும் நாள் நெருங்க நெருங்க, ஒரே சந்தேகத்தைக் கேட்டு வரும் வாசகர் கடிதங்கள் கூடிக்கொண்டே போகின்றன. புரோநோட்டுக் கடனுக்கோ, திரும்பி வந்த காசோலைக்கோ சம்மன் வந்திருக்கிறது. மே மாதம் நீதிமன்றம் கிடையாது. ஜூனில் பார்த்துக்கொள்ளலாமா என்பதே அது. சம்மனோடு வந்த வழக்குரையின் முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டுத்தான் இதற்குப் பதில் சொல்ல முடியும். வழக்கு எண்ணுக்குக் கீழே ‘உரிமையியல் நடைமுறைச் சட்டம், கட்டளை 37-இன் கீழ்’ என்று இருந்தால் அது வழக்கமான பண வழக்கு அல்ல. சுருக்க நடைமுறை வழக்கு. வழக்கமான வழக்கில் எதிர்வழக்குரை தாக்கல் செய்ய 30 நாள், காரணம் காட்டினால் 90 நாள் வரை உண்டு. இங்கே சம்மன் கைக்கு வந்த 10 நாளுக்குள் நேரிலோ வக்கீல் மூலமோ ஆஜராகி, அறிவிப்புகளைப் பெறும் முகவரியைக் கொடுத்தாக வேண்டும். தவறினால் வாதி சொன்னதெல்லாம் ஒப்புக்கொள்ளப்பட்டதாகக் கருதித் தீர்ப்பாணை எழுதப்படும். பத்தாவது நாள் விடுமுறைக்குள் விழுந்தால் நீதிமன்றம் திறக்கும் முதல் நாளில் செய்யலாம். விடுமுறைக்கு முன்பே விழுந்தால் அந்தச் சலுகை இல்லை.

ஆஜரானதோடு வேலை முடிந்தது என்று நினைப்பவர்களும் கடிதம் எழுதியவர்களில் உண்டு. முடியவில்லை. அதற்குப் பிறகு வாதி ‘தீர்ப்புக்கான சம்மன்’ என்று இரண்டாவதாக ஒன்றை அனுப்புவார். தன் கோரிக்கை உண்மை, பிரதிவாதிக்குச் சொல்ல எதுவும் இல்லை என்று தான் நம்புவதாக ஒரு பிரமாணப் பத்திரமும் கூட வரும். அதிலிருந்து இன்னொரு 10 நாள். இதற்குள் பிரதிவாதி கேட்க வேண்டியது வழக்கைத் தள்ளுபடி செய்யுங்கள் என்பதல்ல. வழக்கை எதிர்த்து வாதாட எனக்கு அனுமதி கொடுங்கள் என்பது. நீதிபதி அனுமதியை மறுக்கலாம். மறுத்தால் அப்போதே தீர்ப்பாணை. நிபந்தனை இல்லாமல் கொடுக்கலாம். கொடுத்தால் வழக்கு எல்லா வழக்கையும் போல நடக்கும். மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு. அனுமதி வழங்கப்படுகிறது என்று ஒரு வரி இருக்கும். கோரிக்கைத் தொகையை நான்கு வாரத்துக்குள் நீதிமன்றத்தில் செலுத்த வேண்டும் என்று அடுத்த வரி இருக்கும். இதைக் கையில் வைத்துக்கொண்டு ஜெயித்தோமா தோற்றோமா என்று கேட்கிறார்கள். உள்ளதைச் சொல்வதானால், பணம் இருந்தால் ஜெயித்தீர்கள், இல்லாவிட்டால் தோற்றீர்கள். குறித்த நாளுக்குள் தொகை கட்டப்படாவிட்டால், விதி 3(6)-இன்படி வாதி உடனடியாகத் தீர்ப்பு பெறும் உரிமை அடைகிறார். சாட்சியும் இல்லை, குறுக்கு விசாரணையும் இல்லை.

இந்த நடைமுறைக்கு அரசும் சட்ட நூல்களும் சொல்லும் நியாயம் ஒன்றே: விரைவு. சொல்ல ஒன்றுமில்லாத கடனாளி வெறுமனே காலம் கடத்துவதைத் தடுக்கும் ஏற்பாடு என்பார்கள். யாருக்கு விரைவு என்பதை அந்த விளக்கம் தொடுவதில்லை. இங்கிலாந்தில் 1855-இல் மாற்றுச்சீட்டு வழக்குகளுக்கென்று பிறந்த முறை இது. 1866-இல் இந்தியாவுக்கு வந்தது. 1908-இன் உரிமையியல் நடைமுறைச் சட்டத்திலும் இடம்பெற்று, பெரும்பாலும் மதராஸ், பம்பாய், கல்கத்தா போன்ற வணிக நகரங்களின் நீதிமன்றங்களோடு நின்றிருந்தது. 1976-இன் சட்டத்திருத்தம் 1977 பிப்ரவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தபோதுதான் மற்ற உரிமையியல் நீதிமன்றங்களுக்கும் பரவியது. உண்டியல், புரோநோட்டு மட்டுமின்றி, எழுத்து மூலமான எந்த ஒப்பந்தத்திலிருந்தும் எழும் திட்டமான தொகைக்கும் இதன்கீழ் வழக்குப் போடலாம் என்றாயிற்று. பேரேடும் கையிருப்பும் உள்ள இரண்டு வணிகர்களுக்கு இடையே நியாயமாக இருந்த ஒரு கருவி, மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக அவசரத்தில் கையெழுத்துப் போட்டவரின் மேலும் அப்படியே பாய்ந்தது. இருவருடைய நிலையும் ஒன்றல்ல என்பதை விதியில் எந்த வரியும் சொல்வதில்லை.

நிபந்தனை யார்மேல் விழ வேண்டும் என்பதில் நீதிமன்றங்கள் ஒரு தலைகீழ் மாற்றத்தையே செய்திருக்கின்றன. பேசப்பட வேண்டிய அளவுக்கு அது பேசப்படவில்லை. 1945-இல் கிரண்மயி தாசி வழக்கில் கல்கத்தா உயர் நீதிமன்ற நீதிபதி எஸ்.ஆர். தாஸ் (பின்னாளில் இந்தியாவின் தலைமை நீதிபதி) ஐந்து படிகளை வகுத்தார். நல்ல எதிர்வாதம் இருந்தால் நிபந்தனையற்ற அனுமதி. நேர்மையான, விசாரிக்கத் தகுந்த பிரச்சினை இருந்தாலும் அப்படியே. எதிர்வாதம் தெளிவாக இல்லை, ஆனால் விசாரணையில் நிலைநாட்டக்கூடும் என்று தோன்றினால், விசாரணை எப்போது, எப்படி நடக்க வேண்டும் என்று மட்டும் நிபந்தனை விதிக்கலாம். பணம் கட்டு, பிணையம் கொடு என்று சொல்லக் கூடாது. எதிர்வாதமே இல்லை, இருப்பதும் வெறும் பாவனை என்றால் வாதிக்குத் தீர்ப்பு. அப்படிப்பட்ட ஆளுக்கும் நீதிமன்றம் இரக்கம் காட்ட விரும்பினால், தொகையைக் கட்டச் சொல்லி ஒரு வாய்ப்புத் தரலாம். இது ஐந்தாவது படி. 1976-இல் மெக்கலெக் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த ஐந்தையும் ஏற்றுக்கொண்டது. நாற்பது ஆண்டுகள் கழித்து, 2016 நவம்பர் 15 அன்று, ஐடிபிஐ டிரஸ்டிஷிப் – ஹப்டவுன் வழக்கில் நீதிபதி ஆர்.எஃப். நாரிமன் எழுதிய தீர்ப்பு இந்தப் படிகளை மாற்றி அமைத்தது. இப்போது எதிர்வாதம் இல்லாதவருக்கு இரக்கம் கிடையாது, அனுமதி மறுப்புத்தான். பணம் கட்டும் நிபந்தனையோ, விசாரிக்கத் தகுந்த பிரச்சினை இருந்தும் அதன் நேர்மையில் சந்தேகம் எழுந்தவர்மேலும், சொல்வது நடந்திருக்கக்கூடும் ஆனால் நம்பச் சிரமமாக இருக்கிறது என்ற நிலையில் உள்ளவர்மேலும் விழுகிறது. பின்னவருக்கு அசல் முழுவதோடு வட்டியும் சேர்த்துப் பிணையம் கேட்கலாம்.

ஆக, 1945-இல் பணம் கட்டச் சொன்னது, கையில் எதுவும் இல்லாதவருக்கு நீதிமன்றம் காட்டிய தயவு. 2016-க்குப் பிறகு அது, கையில் ஏதோ இருப்பவர்மேல் ஏற்றும் சுமை. உச்ச நீதிமன்றம் சொன்ன காரணம் தர்க்கத்தில் பிசகில்லாதது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 1976-இன் திருத்தம், கணிசமான எதிர்வாதம் இல்லாவிட்டாலோ அது அற்பமானதாக இருந்தாலோ மட்டுமே அனுமதியை மறுக்கலாம் என்கிறது. அப்படியானால் அந்த வகையினருக்கு இரக்கத்தின் பேரில் கதவு திறப்பதற்கு விதியில் இடமில்லை. அந்த வழக்கின் சூழலும் வேறு. நெதர்லாந்தின் வளர்ச்சி நிதி நிறுவனம் ஒன்று போட்ட முதலீடு, கடன் பத்திரங்கள், பெருநிறுவன உத்தரவாதம் என்று பல அடுக்குகள் கொண்ட விவகாரம். பம்பாய் உயர் நீதிமன்றம் நிபந்தனையில்லாமல் அனுமதி தந்திருந்தது; உச்ச நீதிமன்றம் 418 கோடி ரூபாயை மூன்று மாதத்துக்குள் கட்ட வேண்டும் அல்லது அதற்குப் பிணையம் தர வேண்டும் என்று மாற்றியது. 418 கோடிக்குப் பிணையம் தேடத் தெரிந்தவர்களை முன்னால் வைத்துச் செதுக்கிய அளவுகோல் அது. அதே அளவுகோல்தான் 4 லட்சம் ரூபாய்ப் புரோநோட்டுக்கும் பயன்படுகிறது.

இந்த இயந்திரத்தின் சாமர்த்தியம், நீதிபதி முடிவு சொல்லாமலே வழக்கை முடித்துவைப்பதில் இருக்கிறது. எதிர்வாதம் பொய் என்று அவர் சொல்லவில்லை. சொன்னால் மறுத்திருக்க வேண்டும். உண்மை என்றும் சொல்லவில்லை. சொன்னால் நிபந்தனை போட்டிருக்க மாட்டார். சந்தேகம் இருக்கிறது என்கிறார், சந்தேகத்துக்கு ஒரு விலை வைக்கிறார். அந்த விலை சந்தேகத்தின் அளவுக்கு ஏற்ப ஏறி இறங்குவதில்லை. கோரிக்கைத் தொகையே விலை. விலையைக் கொடுக்க முடியாதவரின் சந்தேகத்துக்குரிய எதிர்வாதம் அன்றோடு பொய்யான எதிர்வாதத்தின் கதியை அடைகிறது. விசாரிக்கத் தகுந்தது என்று ஒரு நீதிமன்றமே எழுத்தில் ஒப்புக்கொண்ட ஒன்று, யாராலும் விசாரிக்கப்படாமலே செத்துப்போகிறது. பிறகு நிறைவேற்று மனு வரும், ஜப்தி வரும். தமிழ்நாட்டின் கீழமை நீதிமன்றங்களில் பண வழக்குப் போடுபவர் 2017 முதல் 3 சதவீத நீதிமன்றக் கட்டணம் கட்டினால் போதும். அதற்குப் பதில் சொல்ல நினைப்பவர் நூறு சதவீதம் கட்ட நேரலாம் என்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இதற்கு வரும் மறுப்புகள் இலேசானவை அல்ல. இந்தியாவில் பணம் கொடுத்தவன்தான் ஏமாந்தவன் என்பது வணிகர்களின் பழைய குறை. அதில் உண்மை உண்டு. சரக்கை வாங்கி விற்றுக் காசாக்கிவிட்டு, பில்லுக்கு வழக்குப் போட்டதும் சரக்கு தரமில்லை என்று முதல்முறையாக வாய் திறப்பவர்களை எந்த நீதிமன்றமும் அறியும். அவர்களுக்கு எதிர்வாதம் என்பது உண்மையைச் சொல்லும் வழியல்ல, வட்டியில்லாக் கடனை நீட்டிக்கும் வழி. தொகையைக் கட்டச் சொன்னதும் இவர்களில் பலர் சமரசத்துக்கு வந்துவிடுவார்கள் என்பது நிபந்தனையை ஆதரிப்போரின் வாதம். இருக்கட்டும். பணம் இருந்தும் கொடுக்காதவரை வடிகட்டத்தான் இந்தச் சல்லடை என்றால், பணம் இல்லாதவர் அதில் சிக்கக் கூடாது. சல்லடைக்கோ இரண்டு பேருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. இன்னும் சொல்லப்போனால், கையில் பணம் வைத்துக்கொண்டு இழுத்தடிப்பவர் அதை எடுத்துக் கட்டிவிட்டு வழக்கை மேலும் சில ஆண்டுகள் இழுக்க முடியும். மாட்டிக்கொள்பவர், தான் அடைத்த கடனுக்கு ரசீது வாங்கத் தெரியாமல் போனவர்.

பணம் எங்கும் போகாது, ஜெயித்தால் திரும்பி வந்துவிடும் என்பது இரண்டாவது மறுப்பு. வரும்தான். ஆனால் அந்தத் தொகையைப் புரட்ட அவர் எங்கே போவார்? வாங்கிய கடனை அடைத்துவிட்டேன் என்று வாதாடுவதற்காக இன்னொரு கடன் வாங்க வேண்டும், அதற்கும் ஒரு வெற்றுக் காசோலை கொடுக்க வேண்டும். நீதிமன்றம் அந்தப் பணத்தை வங்கியில் வைப்பாகப் போட்டால் கிடைக்கும் வட்டிக்கும், அவர் வெளியில் கட்டும் வட்டிக்கும் உள்ள தூரம் ஊருக்கே தெரியும். மூன்றாவது மறுப்பு, உச்ச நீதிமன்றமே அனுமதி தருவதுதான் பொது விதி என்று சொல்லியிருக்கிறது என்பது. உண்மை, 2022 ஜனவரியில் பி.எல். காஷ்யப் வழக்கில் அனுமதி தருவதே வழக்கம், மறுப்பது விதிவிலக்கு என்று அது திரும்பவும் சொன்னது. சிக்கல் பொது விதியில் இல்லை, வகை பிரிப்பதில் இருக்கிறது. ‘நியாயமானது, ஆனால் உறுதியானதல்ல’, ‘விசாரிக்கத் தகுந்தது, ஆனால் நேர்மையில் சந்தேகம்’, ‘நடந்திருக்கலாம், ஆனால் நம்பச் சிரமம்’ ஆகிய மூன்றுக்கும் இடையே கோடு போடுவதற்கு நீதிபதியிடம் இருப்பது இரண்டு பிரமாணப் பத்திரங்கள் மட்டுமே. முதல் வகைக்குக் காசில்லை, மற்ற இரண்டுக்கும் முழுத் தொகை வரை போகலாம் என்றால், காகிதத்தைப் பார்த்துப் போடும் அந்தக் கோட்டுக்கு இத்தனை பாரத்தைத் தாங்கும் வலு கிடையாது.

காகிதம் யார் பக்கம் இருக்கும் என்பதும் தெரிந்ததே. வெற்றுப் புரோநோட்டில் கையெழுத்து வாங்குவது நம் ஊர்க் கொடுக்கல் வாங்கலில் அன்றாட வழக்கம். பிற்பாடு தொகை நிரப்பப்பட்டாலும், கையெழுத்து மெய்யானால் பணம் கைமாறியது என்றே செலாவணி முறிச் சட்டத்தின் 118-ஆம் பிரிவு தொடக்கத்தில் அனுமானிக்கும். அதை உடைக்கச் சாட்சியும் குறுக்கு விசாரணையும் வேண்டும். அவை கிடைப்பது அனுமதிக்குப் பிறகு. ஆதாரத்தைக் காட்டினால் அனுமதி, அனுமதி கிடைத்தால்தான் ஆதாரம் என்ற இந்த வட்டத்தை 1958-லேயே சந்தோஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் கண்டுகொண்டது. 60,000 ரூபாய்க் காசோலை. சரக்குக்குப் பிணையாகத்தான் கொடுத்தேன், பணத்தை வேறு வழியில் கட்டிவிட்டேன் என்றார் பிரதிவாதி. விசாரிக்கத் தகுந்த பிரச்சினை என்று ஒப்புக்கொண்ட கீழமை நீதிமன்றம், ஆவணம் எதுவும் இணைக்கவில்லை என்ற காரணத்துக்காகப் பிணையம் கேட்டது. ஆவணம் காட்ட வேண்டிய இடம் விசாரணை, அனுமதி மனு அல்ல என்று சொல்லி உச்ச நீதிமன்றம் அந்த நிபந்தனையை நீக்கியது. பழைய தீர்ப்புத்தான், வக்கீலிடம் இதை நினைவுபடுத்தத் தயங்க வேண்டாம்.

நேர்மைக்கு இந்த விதி வைத்திருக்கும் பரிசு இன்னும் விசித்திரம். 5 லட்சத்துக்கு வழக்கு என்று வைத்துக்கொள்வோம். 2 லட்சம் ரொக்கமாகக் கொடுத்துவிட்டேன், மீதி 3 லட்சம் தர வேண்டியதுதான் என்று ஒருவர் உள்ளபடி எழுதினால், அந்த 3 லட்சத்தைக் கட்டாமல் அவருக்கு அனுமதியே தரக் கூடாது என்கிறது விதி 3(5)-இன் இரண்டாவது நிபந்தனை வாசகம். நீதிபதியின் விருப்பத்துக்கு இதில் இடமில்லை என்று சதர்ன் சேல்ஸ் வழக்கில் 2008-இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. கையெழுத்தே என்னுடையது அல்ல என்று முழுதாக மறுப்பவருக்கு இந்தத் தொல்லை கிடையாது. அவர் கொஞ்சம் நம்பும்படி எழுதியிருந்தால் நிபந்தனையற்ற அனுமதியோடு வெளியே வருவார். ஒப்புக்கொண்ட கடனைக் கட்டச் சொல்வதில் என்ன தவறு என்று கேட்கலாம். கட்டச் சொல்வதில் தவறில்லை. மீதி 2 லட்சத்துக்கான தகராறை அதற்குப் பணயமாக வைப்பதுதான் தவறு. ஒப்புக்கொண்ட தொகைக்கு மட்டும் தீர்ப்பாணை கொடுத்துவிட்டு, மிச்சத்தை விசாரிப்பதில் யாருக்கும் நஷ்டமில்லை.

வேறு வழி இல்லையா என்றால், இதே முறையைப் பெற்றெடுத்த நாட்டிலேயே உண்டு. 1982-இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை, யார்க் மோட்டார்ஸ் வழக்கில், நிறைவேற்றவே முடியாத நிபந்தனை விதிப்பது அனுமதியை மறுப்பதற்குச் சமம் என்ற நிலைப்பாட்டை எடுத்தது. இலவச சட்ட உதவி பெற்றிருந்த பிரதிவாதிக்குக் கீழமை நீதிபதி விதித்த 12,000 பவுண்டை 3,000-ஆக மேல்முறையீட்டு நீதிமன்றம் குறைத்திருந்தது. பிரபுக்கள் சபை அந்தக் குறைப்பை ஏற்றது. தன்னால் எவ்வளவு முடியும் என்று காட்டும் பொறுப்பு மட்டும் பிரதிவாதியுடையது. நம் சட்டத்திலும் இந்த எண்ணம் அந்நியமல்ல. காசோலை மோசடிக் குற்ற வழக்கில் செலாவணி முறிச் சட்டத்தின் 143-ஏ பிரிவின்கீழ் இடைக்கால இழப்பீடு 20 சதவீதத்தைத் தாண்ட முடியாது. அதை விதிக்கும்போது குற்றம் சாட்டப்பட்டவரின் பண நெருக்கடியையும் பார்க்கலாம் என்று 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் கூறியது. ஒரே காசோலைக்காகக் குற்றவியல் நீதிமன்றத்தில் நிற்பவருக்கு 20 சதவீத உச்சவரம்பு. உரிமையியல் நீதிமன்றத்தில் நிற்பவருக்கு வரம்பே இல்லை. இந்த வேறுபாட்டுக்கு நியாயமான விளக்கம் ஒன்றை இதுவரை யாரும் தரவில்லை.

விதி மாறும்வரை பிரதிவாதி செய்யக்கூடியது ஒன்று உண்டு. அனுமதி மனுவில் எதிர்வாதத்தை மட்டும் எழுதிவிட்டு நிறுத்திவிடாமல் வருமானம், வங்கிக் கணக்கு அறிக்கை, சொத்து, வேறு கடன்கள் எல்லாவற்றையும் சேர்த்து எழுத வேண்டும். நிபந்தனை விதிப்பதாக இருந்தால் ரொக்கத்துக்குப் பதில் வீட்டுப் பத்திரத்தைப் பிணையமாக ஏற்கும்படியோ, ஒரு பகுதித் தொகைக்குக் குறைக்கும்படியோ, அதுவும் முடியாவிட்டால் குறித்த மாதங்களுக்குள் விசாரணையை முடிக்கும்படி காலக்கெடு மட்டும் விதிக்கும்படியோ கேட்க வேண்டும். ஹப்டவுன் தீர்ப்பே விசாரணையின் காலம், முறை பற்றிய நிபந்தனைகளை முதலில் சொல்லிவிட்டுத்தான் பணத்துக்கு வருகிறது. வாதிக்கு வேண்டியது உண்மையிலேயே விரைவுதான் என்றால், மூன்று மாதத்தில் விசாரணை என்பதில் அவர் மறுக்க என்ன இருக்கிறது?

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாக. பத்து நாள் தாண்டிவிட்டதா? போதிய காரணம் காட்டினால் விதி 3(7)-இல் தாமதத்தை மன்னிக்கலாம், உடனே போங்கள்.

பணம் கட்டக் கூடுதல் நாள் கிடைக்குமா? கெடு முடிவதற்குள் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 148-ஆம் பிரிவில் மனுப் போடுங்கள். 30 நாள் என்ற அதன் வரம்பு, மீறவே முடியாதது அல்ல என்று சேலம் வழக்கறிஞர் சங்கத்தின் வழக்கில் 2005-இல் சொல்லப்பட்டிருக்கிறது.

நிபந்தனை உத்தரவை எதிர்க்கலாமா? சீராய்வு மனுவோ, அரசமைப்பின் 227-ஆம் பிரிவின்கீழ் மனுவோ உயர் நீதிமன்றத்தில் போடலாம். வணிக நீதிமன்ற உத்தரவானால் சீராய்வு கிடையாது.

தீர்ப்பாணையே வந்துவிட்டதா? விதி 4-இல் ‘சிறப்புச் சூழ்நிலை’ காட்ட வேண்டும், கூடவே எதிர்வாதம் உண்டு என்றும் காட்ட வேண்டும்.

வணிகத் தகராறு, 3 லட்சமோ அதற்கு மேலோ என்றால்? அவசர நிவாரணம் கேட்காத வழக்குக்கு முன்னால் சமரசப் பேச்சு கட்டாயம். நடந்ததா என்று பாருங்கள்.

விதியை மாற்ற நாடாளுமன்றம்தான் வர வேண்டுமா? வேண்டியதில்லை: உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 122-ஆம் பிரிவு இந்தக் கட்டளைகளின் விதிகளைத் திருத்தும் அதிகாரத்தை உயர் நீதிமன்றங்களுக்கே தருகிறது, தொகை விதிக்கும் முன் பிரதிவாதியின் சக்தியைக் கருத வேண்டும் என்ற ஒரு வாக்கியத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் விதி 3-இல் சேர்த்தால் போதும்.